ஒரே 'சரி', நான்கு அனுமானங்கள்: 2023 குறுவையில் ஒரு கடைமடை வீடு

2023 குறுவையை (ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல் போகம்) காவிரி டெல்டாக்காரர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். மேட்டூர் அணை வழக்கமான நாளான ஜூன் 12 அன்றே திறந்தது. ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேல் குறுவை போட்டார்கள். அக்டோபர் 5 அன்று, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் தண்ணீரில்லாமல் கருகிய சுமார் 40,000 ஏக்கருக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் நிவாரணம் என்று தமிழக அரசு அறிவித்தது. அக்டோபர் 10 அன்று அணை மூடப்பட்டது.

அந்த 40,000 ஏக்கருக்குள் அடங்கிய ஐந்து ஏக்கரைப் பற்றியது இந்த ஆய்வு. நாகப்பட்டினம் மாவட்டத்தில் தலைஞாயிறு பக்கம் ஒரு குடும்பம். சொந்த நிலம் ஒன்பது மா, குத்தகை நிலம் ஆறு மா (மூன்று மா ஒரு ஏக்கர்). வீட்டுப் பெரியவர், அவருடைய மூத்த மகன், வரவு செலவைப் பார்த்துக்கொள்ளும் மருமகள், வெளிநாட்டில் வேலை பார்க்கும் இளைய மகன் என நான்கு பேர் சேர்ந்து, குறுவை விதைக்கலாம் என்று எடுத்த முடிவு அது. அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் தவிர்த்திருக்கிறேன்.

"தண்ணீர் வரவில்லை, பயிர் கருகியது" என்று ஒரே வரியில் இதை முடித்துவிடலாம். அது உண்மையும்தான். ஆனால் விதைக்கலாம் என்று முடிவான அன்று வீட்டில் என்ன பேசினார்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டபோது எனக்கு வேறொன்று பெரிதாகப் பட்டது. நான்கு பேரும் ஒரே முடிவுக்குத் தலையாட்டியிருந்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை நம்பித் தலையாட்டியிருந்தார்கள். ஒருவர் எதை நம்புகிறார் என்பது அடுத்தவருக்குத் தெரியாது.

தண்ணீர் வரும் வழி

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள் ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். வெண்ணாறு தென்பெரம்பூரில் ஒரு தடவை பிரிந்து, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் மறுபடியும் பிரிகிறது. அதற்குக் கீழே அரிச்சந்திரா நதி, அடப்பாறு மாதிரியான கிளைகள், அப்புறம் வாய்க்கால்கள், கன்னி வாய்க்கால்கள். இந்தக் குடும்பத்தின் வயல் அந்த வரிசையின் கடைசியில், அதாவது கடைமடையில் இருக்கிறது. ஆற்றில் நிறையத் தண்ணீர் வந்தால் தலைமடைக்கும் கடைமடைக்கும் சில நாள்தான் வித்தியாசம். குறைந்து, முறை வைத்து விட ஆரம்பித்தால் கடைமடையின் முறை வரும்போது வாய்க்காலில் ஏறிப் பாயுமளவுக்குத் தண்ணீர் இருப்பதில்லை.

"அணை திறந்தாச்சு" என்ற செய்தி இந்த வரிசை முழுவதற்கும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. தண்ணீர் அப்படிப் போய்ச் சேருவதில்லை. இது டெல்டாவில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இருந்தும் ஜூன் மாதத்தில் அந்தச் செய்தி காதில் விழுந்ததும் உழவு டிராக்டருக்குச் சொல்லி அனுப்பாதவர்கள் குறைவு.

யார் எதை நம்பினார்கள்

பெரியவரின் கணக்கு நேரடியானது. 2020-லும் 2021-லும் ஜூன் 12 அன்றே திறந்தார்கள். 2022-ல் மே 24 அன்றே திறந்தார்கள். நாடு விடுதலையான பிறகு ஜூன் 12-க்கு அவ்வளவு முன்பாகத் திறந்ததே இல்லை என்று அப்போது பேச்சாக இருந்தது. மூன்று வருடமும் குறுவையில் நல்ல மகசூல். "தெறந்தா அறுக்கிற வரைக்கும் விடுவாங்க" என்பது அவருக்கு அனுபவத்தில் தேறிய உண்மை. அதே அனுபவத்தில் இன்னொரு பகுதியும் உண்டு. 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் ஒரு தடவைகூட ஜூன் 12 அன்று அணை திறக்கவில்லை. அதைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் கெட்ட காலம்ங்க, விட்டுடுங்க" என்றார். எட்டு வருடம் விதிவிலக்கு, மூன்று வருடம் வழக்கம் என்று அவர் மனதில் பதிந்திருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கடைசியாகப் பார்த்ததும் பிடித்ததும்தான் வழக்கம் என்று நிற்பது எல்லார் மனதுக்கும் உள்ள பழக்கம்.

மூத்த மகன் அப்பாவை முழுசாக நம்பவில்லை. கடைசியில் தண்ணீர் குறையலாம் என்று அவர் எதிர்பார்த்தார். ஆனால் பக்கத்து மேட்டுநிலத்தில் ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு) இருக்கிறது. அவசரம் என்றால் டீசல் போட்டு இரண்டு பாய்ச்சல் வாங்கிக் கொள்ளலாம், அது போதும் என்று நினைத்தார். அந்தப் போர் தண்ணீரை அவர் கடைசியாக வயலுக்கு விட்டது மழைக்குப் பிந்தைய ஒரு மாதத்தில். கடலோரத்தை ஒட்டிய பகுதியில் மழை பெய்து ஊறிய நாளில் இருக்கும் தண்ணீரும் ஆவணி வெயிலில் இருக்கும் தண்ணீரும் ஒன்றில்லை. செப்டம்பரில் அந்தத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, பயிருக்கு விடாமல் மோட்டாரை நிறுத்தினார். அவ்வளவு உப்பு.

மருமகளின் நினைப்பு பயிர்க் காப்பீட்டைச் சார்ந்தது. குறுவையை அடுத்து வரும் நீண்ட கால நெல் போகமான சம்பாவுக்கு வருடா வருடம் அடங்கலும் (சாகுபடிப் பதிவின் நகல்) பாஸ்புக்கும் எடுத்துப் போய்ப் பிரீமியம் கட்டிய கை அவருடையதுதான். மோசமாகப் போனாலும் காப்பீடு கொஞ்சம் தாங்கும் என்று நகையை வைத்துக் கடன் வாங்க ஒத்துக்கொண்டார். அந்த வருடம் குறுவைக்குப் பயிர்க் காப்பீடே நடைமுறையில் இல்லை. பணம் கட்டப் போனபோது வாங்கவில்லை என்பதை அவர் "இன்னும் ஆரம்பிக்கல போல" என்று எடுத்துக்கொண்டார். கதவு பூட்டியிருப்பதைப் பார்த்து, நேரம் ஆகவில்லை என்று திரும்பி வந்தது மாதிரி.

இளைய மகன் சொன்னது என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அந்த வருடம் அரசு குறுவைத் தொகுப்புத் திட்டத்தில் ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா, ஒரு மூட்டை டி.ஏ.பி., 25 கிலோ பொட்டாஷ் என்று இலவசமாகக் கொடுத்தது. உரம் கொடுக்கிறவர்கள் தண்ணீர்க் கணக்குப் பார்க்காமலா கொடுப்பார்கள்? இதுதான் அவர் நியாயம். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கிறவர் வேறெதை வைத்து முடிவெடுப்பார்? பணத்தை அனுப்பிவிட்டார்.

இப்படியாக, பெரியவருக்கு ஆறு, மூத்தவருக்குப் போர், மருமகளுக்குக் காப்பீடு, இளையவருக்கு அரசு. நான்கு தூண் இருப்பதாகத் தெரிந்ததால் வீடு தைரியமாக இருந்தது. ஆனால் நான்கையும் ஒரே நேரத்தில் பார்த்தவர் அந்த வீட்டில் யாருமில்லை. ஒருவர் 'சரி' என்றது அடுத்தவருக்கு ஒரு சாட்சியாகப் பட்டது. "அண்ணன் ஒத்துக்கிட்டாருன்னா தண்ணி நிச்சயம்னு நெனச்சேன்" என்றார் இளையவர். அண்ணனோ தண்ணீர் குறையும் என்று நினைத்துக்கொண்டுதான் ஒத்துக்கொண்டிருந்தார்.

ஜூன் கடைசியில் தண்ணீர் தலைகாட்டியது. ஜூலை முதல் வாரம் கோ 51 ரகத்தை நேரடி விதைப்பாகத் தெளித்தார்கள். 105 முதல் 110 நாளில் வருகிற ரகம். ஐப்பசி மழை வலுக்கும் முன்பே அறுத்துவிடலாம். முளைப்பும் நன்றாக இருந்தது, தூரும் நன்றாகக் கட்டியது.

கையில் இருந்த கணக்கு

இந்த நான்கு நினைப்பில் எது சோதிக்கக்கூடியது, எது சோதிக்க முடியாதது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் இந்த நிகழ்வின் சாரம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மழையை முன்கூட்டிச் சோதிக்க முடியாது. 2023 தென்மேற்குப் பருவமழை நீண்டகாலச் சராசரியில் 96 சதவீதம் இருக்கும் என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை ஏப்ரலில் சொன்னது. கடைசியில் வந்தது 94 சதவீதம். நாடு முழுவதற்குமான கணிப்பாகப் பார்த்தால் பெரிய பிழையில்லை. ஆனால் நடுவே ஆகஸ்ட் மாதம் 36 சதவீதம் குறைந்து, 1901-லிருந்து பதிவான ஆகஸ்ட்களிலேயே மிக வறண்டதாகப் போனது. கர்நாடகம் செப்டம்பரில் 195 தாலுகாக்களை வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. எல் நினோ தொடங்கிவிட்டது என்று அமெரிக்க வானிலை அமைப்பு ஜூன் 8 அன்றே சொல்லியிருந்தது. அதைக் கேட்டுக் கடைமடையில் ஒருவர் குறுவையை நிறுத்தியிருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நாலு மாத மழையின் கூட்டுத்தொகை சரியாக இருந்தாலும், பயிர் பொதி கட்டும் (உள்ளே கதிர் உருவாகும்) மாதத்தில் இல்லாத மழையால் என்ன பிரயோசனம்?

ஆனால் அணையின் இருப்பு எல்லாருக்கும் தெரிந்த எண். ஜூன் 12 அன்று மேட்டூரில் 103 அடியை ஒட்டி நீர்மட்டம். இருப்பு 69 டி.எம்.சி. அளவில் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). வினாடிக்கு 12,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க விட்டால் ஏறத்தாழ ஒரு டி.எம்.சி. தீரும். குடிநீருக்கென்று கொஞ்சம் நிறுத்தி வைக்க வேண்டும். மேலிருந்து ஒரு சொட்டும் வராவிட்டால் அணையில் இருப்பது சுமார் 60 நாளைக்குத்தான். ஜூன் 12-லிருந்து 60 நாள் என்றால் ஆகஸ்ட் இரண்டாம் வாரம். கடைமடையில் ஜூலையில் தெளித்த நெல் அப்போது தூர் கட்டிக்கொண்டிருக்கும். மீதி இரண்டு மாதத்துக்கான தண்ணீர் ஜூன் 12 அன்று அணையில் இல்லை. கர்நாடகத்திலிருந்து, எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலு வழியாக வந்தாக வேண்டிய தண்ணீர் அது.

வருமா? உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று, கர்நாடகம் தமிழகத்துக்கு வருடத்துக்கு 177.25 டி.எம்.சி. விட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆகஸ்டுக்கு 45.95, செப்டம்பருக்கு 36.76 என்று மாதக் கணக்கும் உண்டு. இந்த எண்களை டெல்டாவில் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கூடத் தவறாமல் சொல்வார். ஆனால் இது சாதாரண ஆண்டுக்கான கணக்கு என்பதைப் பெரும்பாலும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. 2007-ல் காவிரி நடுவர் மன்றம் படுகையின் மொத்த நீரை 740 டி.எம்.சி. என்று எடுத்துக்கொண்டு பங்கிட்டது. அது 50 சதவீத நம்பகத்தன்மை உள்ள அளவு. அதாவது, நூறு வருடத்தில் ஐம்பது வருடம் அந்த அளவோ அதற்கு மேலோ கிடைக்கும். மற்ற ஐம்பது வருடம் குறையும். குறைகிற வருடத்தில் பற்றாக்குறையையும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அதை எந்த விகிதத்தில் பங்கு போடுவது என்பதில்தான் 2023 ஆகஸ்ட், செப்டம்பர் முழுக்கக் காவிரி மேலாண்மை ஆணையத்திலும் நீதிமன்றத்திலும் இழுபறி. நமக்கு உரிமை இருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. அந்த உரிமை ஒரு குறிப்பிட்ட தேதியில் ஒரு குறிப்பிட்ட வாய்க்காலில் தண்ணீராக ஓடும் என்று எடுத்துக்கொள்வதுதான் தனி அனுமானம். அதை உரிமையோடு சேர்த்து ஒன்றாகக் கட்டிவிடுகிறோம்.

போர் தண்ணீரையும் காப்பீட்டையும் சோதிக்க அரை நாள்கூட ஆகாது. ஒரு பாட்டில் தண்ணீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்திருக்கலாம். வேளாண் அலுவலகத்தில் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஏன் செய்யவில்லை? மூத்தவர் சொன்ன பதில் நியாயமாக இருந்தது: "அது தேவைப்படும்னு நெனச்சிருந்தா பாத்திருப்பேன். அப்பா அவ்வளவு உறுதியா இருந்தாரு." கடைசித் துணை என்று வைத்திருந்ததை, முதல் துணையின் மேலிருந்த நம்பிக்கையால் யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

ஒரே நினைப்பு, வேறு வேறு விலை

திருவையாறு, கும்பகோணம் பக்கத்தில் இந்தக் குடும்பத்துக்கு உறவு இருக்கிறது. அங்கேயும் அதே ஜூனில், ஆறு கடைசி வரை ஓடும் என்று நினைத்தேதான் குறுவை போட்டார்கள். ஆறு குறைந்ததும் ஃபில்டர் பாயிண்டை (ஆழம் குறைந்த குழாய்க் கிணறு) ஓட்டினார்கள். தண்ணீர் நல்ல தண்ணீர், விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். மோட்டார் ஓடும் நேரம் கூடியது, ராத்தூக்கம் கெட்டது, நெல் வீட்டுக்கு வந்தது.

தலைமடையில் தவறான அனுமானம் ஒரு தொந்தரவு. கடைமடையில் அதே அனுமானத்துக்கு ஒரு போகமும் ஒரு நகையும் விலை. ஒரு நினைப்பு எவ்வளவு சரியாக இருக்க வாய்ப்புண்டு என்று மட்டும் பார்த்தால் இரண்டு இடத்துக்கும் ஒரே பதில் வரும். தப்பினால் யார் தலையில் விழும் என்று சேர்த்துப் பார்த்தால்தான் இரண்டு வீட்டுக்கும் இரண்டு முடிவு வரும். உறவுக்காரர்கள் ஜூனில் கொடுத்த யோசனை நல்லெண்ணத்தில் கொடுத்ததுதான். "நாங்க போடுறோம், நீங்களும் போடுங்க" என்றார்கள். தங்கள் நிலத்துக்கடியில் இருக்கும் நல்ல தண்ணீரை அவர்கள் அந்த யோசனைக்குள் சேர்த்துச் சொல்லவில்லை. அது அவர்களுக்கு என்றும் இருக்கிற விஷயம், எனவே சொல்லத் தோன்றவில்லை. இந்த மாதிரிச் சொல்லப்படாத பகுதியைக் கேட்டு வாங்குவது யோசனை கேட்பவரின் வேலையாகத்தான் இருக்க முடியும். இதை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். டெல்டாவில் தலைமடை அனுபவத்தைப் பார்த்துக் கடைமடை எடுக்கும் முடிவுகள் ஏராளம்.

கருகிய பிறகு

ஆகஸ்ட் கடைசியில் முறை தவறியது. மதகைத் திறந்து மூடும் லஸ்கரிடம் கேட்டபோதெல்லாம் "மேலேருந்து வந்தா விட்டுடுவோம்" என்றார். பொதி கட்டும் பருவத்தில் வயல் வெடித்தது. செப்டம்பர் நடுவில் மாட்டை விட்டு மேயவிட்டார்கள். நிவாரணம் ஏக்கருக்கு ஏறத்தாழ 5,460 ரூபாய்; உழவுக்கும் விதைக்கும் களைக்கும் ஆன செலவை அது எட்டவில்லை. அதன் பிறகு வீட்டில் நடந்த பேச்சில், யார் சொல்லி விதைத்தோம் என்பதே பெரிய சண்டையாக இருந்தது. நான்கு பேரும் மற்றவர் சொல்லித்தான் ஒத்துக்கொண்டதாக உண்மையாகவே நம்பினார்கள்.

2024

அடுத்த வருடம் மருமகள் ஒரு ஏற்பாடு செய்தார். பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் ஒவ்வொருவரும் எதை நம்பிச் சம்மதிக்கிறார்கள் என்று வாயால் சொல்ல, அவர் எழுதினார். பக்கத்தில், அது உண்மையா என்று எந்தத் தேதிக்குள் தெரியும், இல்லையென்றால் என்ன செய்வது என்று இரண்டு குறிப்பு. பெரியவருக்கு இது பிடிக்கவில்லை. "விவசாயத்தை எழுதி வெச்சா பண்ணுவாங்க?" என்று கேட்டுவிட்டு, தன் பங்கையும் சொன்னார்.

அந்த ஜூனில் மேட்டூரில் தண்ணீர் இல்லை, அணை திறக்கவுமில்லை. இப்போது ஊரில் எதிர்ப்பக்க நினைப்பு பலமாக வீசியது: இந்த வருடமும் அவ்வளவுதான், சம்பாவும் கிடையாது. சிலர் விதைநெல்லை விற்றார்கள். போன வருடத்தை வைத்து இந்த வருடத்தை அளப்பதில் இதுவும் பெரியவரின் பழைய கணக்கும் ஒன்றுதான். பெரியவர் கணக்கில் நம்பிக்கை, இதில் பயம், அவ்வளவு வித்தியாசம். நாட்காட்டித் தாளில் இவர்கள் எழுதியிருந்தது: குறுவை வேண்டாம், ஆகஸ்ட் நடுவுக்குள் வாய்க்காலில் தண்ணீர் வந்தால் நீண்ட வயதுடைய சி.ஆர். 1009, தள்ளிப்போனால் மத்திய கால ரகம், விதையை இப்போதே கேட்டு வைப்பது.

கர்நாடகத்தில் ஜூலையில் கொட்டித் தீர்த்தது. ஜூலை 28 அன்று மேட்டூர் திறந்தது, ஜூலை 30 அன்று அணை 120 அடியை எட்டி நிரம்பியது. இவர்கள் சி.ஆர். 1009 தெளித்தார்கள். விதைநெல்லை விற்றவர்கள் கூடுதல் விலைக்கு வாங்க அலைந்தார்கள்.

சி.ஆர். 1009-க்கு 155 நாளுக்கு மேல் வயது. அறுவடை தைக்குப் போகும். தை பிறந்தால் மழை விட்டுவிடும் என்பது இன்னொரு பழைய நம்பிக்கை. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரி முதல் வாரத்திலும் அறுக்கிற பதத்தில் இருந்த சம்பாவை மழை சாய்த்ததை இவர்களே பார்த்தவர்கள். எனவே அதையும் தாளில் ஏற்றினார்கள். அறுவடை எந்திரத்துக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது, ஒரே நாளில் எல்லாம் பழுக்காமல் ஒரு பகுதியை வேறு ரகத்தில் போடுவது என்று இரண்டு யோசனை வந்தது. முதலாவது நடந்தது. இரண்டாவதைப் பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு ரகம் கலந்தால் கொள்முதல் நிலையத்தில் தகராறு என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்ததால் விட்டுவிட்டார்கள்.

ஒன்று மட்டும் தாளில் முதலில் ஏறவே இல்லை: குத்தகை. ஆறு மா நிலத்துக்குப் போகத்துக்கு இத்தனை மூட்டை என்று பேச்சு. தண்ணீர் வராத போகத்துக்கு என்ன என்று யாரும் பேசியதில்லை. 2023-ல் நிலத்துக்காரர் குறுவைக் குத்தகையில் பாதியைக் கேட்டார், கொடுத்தார்கள். விளைந்தால்தான் குத்தகை என்று இவர்களும், நிலம் அவர்கள் கையில் இருந்ததே என்று அவரும் இத்தனை வருடம் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். 2024 அறுவடைக்குப் பிறகு மருமகள் கும்பகோணத்துக்குப் போய் அவரிடம் நேரில் கேட்டார். "இத்தனை வருஷமா வராத பேச்சு இப்ப எதுக்கும்மா? அப்ப பாத்துக்கலாம்" என்றார் அவர். "இல்லைங்க ஐயா, இப்பவே சொல்லிடுங்க. அப்பதான் நாங்க விதைக்கிறதா வேண்டாமான்னு முடிவு பண்ண முடியும்" என்று இவர் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் வராமல் பயிர் கருகினால் அந்தப் போகத்துக்குக் குத்தகை இல்லை, நிவாரணம் வந்தால் அது பயிரிட்டவருக்கு என்று பேசி, இரண்டு தரப்பும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.